என் கைக்கு எந்தத் துப்பாக்கி?

"லேடீஸுக்குன்னா இதுதாங்க மேடம் நல்லாப் போகுது" என்று சொல்லி, சேலத்துக் கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் ஒரு துப்பாக்கியை வைத்தார்.

மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுக்குத்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சமத்தாக உட்கார்ந்துகொண்டது. கனமே இல்லை. "இதிலேயே வேற கலர் இருக்குங்களா?" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டு, நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். புடவைக் கடைப் பழக்கம்...

துப்பாக்கிக் கடையில் உங்களுக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பையே கையை நீட்டிப் பிடிக்கிறவள் நான். இது நடந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. குழப்பம் தீர்ந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். தீர்கிற மாதிரி தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ஏற்காட்டில், வாழவந்தி போகிற வழியில், ஒரு சின்ன காப்பி எஸ்டேட்டில் தனியாக இருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன் அருண். பெங்களூரில் வேலை. எஸ்டேட் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில், சரக் சரக் என்று சத்தம். கதவை ஒரு சாண் திறந்து டார்ச் அடித்தேன். காட்டெருமை! எங்கள் மலையில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனாலும் பத்தடி தூரத்தில் அது நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, கதவை அரைச் சாணாகக் குறைத்துக்கொண்டேன். அது நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது.

இதை நான் அருணிடம் போனில் தமாஷாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"எருமையா இருந்ததால சரிம்மா. ஆளா இருந்தா?"

அந்தக் கேள்விக்குப் பதிலையும் அவனே வைத்திருந்தான். எங்கள் எஸ்டேட்டைக் கேட்டு யாரோ ரிசார்ட்காரர்கள் அவனுக்கு ரொம்ப நாளாகப் போன் செய்துகொண்டிருக்கிறார்கள். சில்வர் ஓக் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு காட்டேஜ் கட்டுவார்களாம். "ஒண்ணு, வித்துட்டு இங்க வந்துடு. இல்லன்னா அங்க ஒரு துப்பாக்கி வெச்சுக்கோ. எனக்கு இங்க தூக்கம் வரலம்மா" என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெங்களூர் ஃபிளாட்டை நினைத்துப் பார்த்தேன். பால்கனியில் ஒரு வாஷிங் மெஷின், இரண்டு பூந்தொட்டி, எதிரே இன்னொருவர் பால்கனி. "துப்பாக்கி" என்றேன். ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது. எந்தத் துப்பாக்கி?

இங்கே சில எஸ்டேட்டுகளில் நீளத் துப்பாக்கி உண்டு. அதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் தனியாகச் சம்பளத்துக்கு வேண்டும். அதனால் கைத்துப்பாக்கி என்று முடிவாயிற்று. கைத்துப்பாக்கியில் எது? பக்கத்து எஸ்டேட்காரர், "ரிவால்வர்தாங்க. எடுத்தமா, சுட்டமான்னு இருக்கும்" என்றார். என் பல் டாக்டர் — ஆமாம், அவருக்கும் இதில் அபிப்பிராயம் இருந்தது — "பிஸ்டல்தான் மாடர்ன்" என்றார், என் வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டே. மறுத்துப் பேச முடியாத நிலையில் இருந்தேன். அருண் தினமும் யாராவது ஒரு வெள்ளைக்காரர் பேசுகிற வீடியோவை அனுப்பினான். ஒவ்வொருவரும் வேறு வேறு துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, இதுதான் புதிதாகச் சுடுகிறவர்களுக்கு ஏற்றது என்றார்கள்.

லைசென்ஸ் கேட்க வேண்டுமென்றால் முதலில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை இறங்கி, சேலத்துப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே கோச் கார்த்திகா என்று ஒரு பெண். என் மகன் வயசுதான் இருக்கும். போன முதல் நாளே, "மேடம், கடையில கையில வெச்சுப் பாத்து முடிவு பண்ணாதீங்க. சுட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் காட்டிய அதே 'லேடீஸ்' ரகத்தில் ஒன்று கிளப்பில் இருந்தது. அதையே கேட்டேன்.

சுட்டேன்.

யாரோ என் உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது! கை தானாகத் தலைக்கு மேலே போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை சிவந்து எரிந்தது. குண்டு எங்கே போனது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"சின்னது, லைட்டுன்னா உதை ஜாஸ்தியா இருக்கும் மேடம். கனமா இருந்தா அந்தக் கனமே உதையை வாங்கிக்கும்" என்றாள் கார்த்திகா. அப்படியானால் பெண்களுக்கு ஏன் இதைக் காட்டுகிறார்கள்? "கைப்பைக்குள்ள போகுமில்ல?" என்றாள். துப்பாக்கியின் சுகம் கைப்பைக்கா, கைக்கா? இதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, கனமானதைக் கொடு கண்ணு என்றேன். பாயின்ட் டூ டூ பிஸ்டல் என்று ஒன்றைக் கொடுத்தாள். உதையே இல்லை. தும்மல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அடடா, இதுதான் என் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அரிசிப் பையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி தோள்பட்டை இறங்கியது. அடுத்து ரிவால்வர். பக்கத்து எஸ்டேட்காரர் சொன்னதுபோல எடுத்தேன். சுட முடியவில்லை! டிரிகர் அவ்வளவு இறுக்கம். இரண்டு விரல் போட்டு இழுத்தால் ஒருவேளை அசையும். கடைசியாக ஒரு பெரிய பிஸ்டல். அதில் குண்டு ஏற, மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டுமாம். இழுத்தேன். ஊறுகாய் ஜாடி மூடி திறக்காத நாளில் எப்படி முகம் போகுமோ, அப்படி என் முகம் போயிருக்கும்.

"இழுக்காதீங்க மேடம். மேல கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, கீழ் கையை முன்னால தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். சுலபமாக வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை விஷயத்தை இழுத்துக்கொண்டிருந்தோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அந்தப் பெரிய பிஸ்டல் எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் சுட்டதெல்லாம் குறிபார்க்கிற அட்டையின் ஓரத்திலேயே போய் விழுந்தது. ஒன்றுகூட நடுவில் இல்லை. கண் டாக்டரைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கார்த்திகா பக்கவாட்டில் வந்து நின்று என் கையையே பார்த்தாள்.

"மேடம்... நீங்க டிரிகரை அழுத்தறீங்களா, எதையாவது பறிக்கறீங்களா?"

பறிக்கிறேன்! எனக்கே அப்போதுதான் உறைத்தது. சீசனில் ஆள் பற்றாத நாட்களில் நானும் பறிக்கிற பெண்களோடு கூடையைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். காப்பிப் பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. விரலால் பிடித்து, மணிக்கட்டை லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இழுத்தால் காம்போடு வந்துவிடும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் பூ இருக்காது. என் விரல், டிரிகரைக் கண்டதும் சிவந்த பழம் என்று நினைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு திருகல்.

"திருகாதீங்க. விரல் நுனிச் சதையால நேரா, மெதுவா. துப்பாக்கிக்கே தெரியக் கூடாது" என்றாள். மலையில் சீசன் மும்முரமாக இருந்தது. ஆறு நாள் திருகிவிட்டு ஏழாவது நாள் திருகாதே என்றால் விரல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் நேராக அழுத்திப் பழகிவிட்டு, திங்கட்கிழமை மலையில் நேராக இழுத்துக் காம்போடு பறித்தேன். பறிக்கிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் பிடிபட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திகா என்னிடம் கொஞ்சம் நடுத்தரமான பிஸ்டல் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அட்டையை நோக்கித் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். திறக்கச் சொன்னாள். குழல்மேல் இருக்கிற முன்குறியும் பின்குறியும் ஒரே கோட்டில் நின்றன. கை நீளத்துக்குக் குழல் நேராக இருந்தது. விரல் டிரிகரை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மடங்கி முட்டவும் இல்லை. "இதுதான் மேடம் உங்க கை" என்றாள். சுட்டேன். நடுவில் இல்லை, ஆனால் நடுவுக்குப் பக்கத்துவீடு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இந்த வயசில் புதிதாக ஒன்று கைவருகிறதே! அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையேறினேன். அருணுக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர்மா. ரிசார்ட்காரங்ககிட்ட நோ சொல்லிடறேன்" என்று பதில் போட்டான். அதே மாடலை வாங்கலாம் என்று குறித்துவைத்துக்கொண்டு, லைசென்ஸுக்கு மனுச் செய்தேன்.

இதுவரை துப்பாக்கிக் குழப்பம். இனிமேல்தான் நிஜமான குழப்பம்.

ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு விசாரணைக்கு வந்தார். மரியாதையானவர். காப்பி குடித்துவிட்டு, "யாரப் பாத்துங்க பயம்?" என்று கேட்டார்.

"குறிப்பா யாரும் இல்லீங்க. இருட்டுன பிறகு யாராவது வந்தா..." என்று இழுத்தேன். தலையாட்டினார். போகிற வழியில், முறைப்படி, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்கு அக்கம்பக்கம் என்றால் ஓடைக்கு அந்தப் புறம் இருக்கிற நாலைந்து வீடுகள்தான். மலைக்காரக் குடியானவர்கள். சாமையும் மிளகும் கொஞ்சம் காப்பியுமாகச் சொந்தக் காடு, அதாவது மேட்டு நிலம், வைத்திருப்பவர்கள்.

அதற்கு அடுத்த சில நாட்களாக எனக்கு வீட்டில் என்னவோ சரியில்லாத மாதிரி இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. மிக்ஸி ஓடுகிறது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. சாயங்காலமானால் மட்டும் காது அடைத்த மாதிரி இருக்கிறது. கிளப்பில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது போய்விட்டதோ என்றுகூட பயந்தேன்.

காது போகவில்லை. சத்தம்தான் போயிருந்தது.

அந்த வீட்டுக்காரர்கள் பஸ்ஸுக்குப் போவதும் வருவதும் எங்கள் எஸ்டேட்டுக்குள் இருக்கிற ஒற்றையடிப் பாதை வழியாகத்தான். இருட்டில் ஒருவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது சத்தம் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். வீட்டில் இருப்பவர்கள் பதறக் கூடாது, புதரில் காட்டெருமை நின்றால் அதுவும் விலகிக்கொள்ள வேண்டும். "அம்மோவ், போறமுங்க!" என்று ஒரு குரல். நான் அடுப்படியிலிருந்தே "ம்ம்" என்பேன். சில நாள் "கதவச் சாத்திக்கோங்க, காட்டு மாடு நிக்குது" என்பார்கள். இத்தனை வருஷமாக இது நடக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏன் நின்றது? கோயில் நோன்பு ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள் என் புத்தியை!

ஒரு மத்தியானம் செல்வி வந்தாள். ஓடைக்கு அந்தப் புறத்தில் முதல் வீடு அவளுடையது. எங்கள் மிளகை வருஷா வருஷம் குத்தகைக்கு எடுப்பவள், எனக்குத் தோழி, வாய் ஜாஸ்தி. வழக்கமாகப் பின்கட்டு வழியாக நேராக அடுப்படிக்கே வந்துவிடுகிறவள், அன்று ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து முன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அக்கா... துப்பாக்கி உள்ள இருக்குதுங்களா?"

"இன்னும் லைசென்ஸே வரல செல்வி. உள்ள வா."

"நெசமாலுமேங்களா?"

உள்ளே வந்தாள். ஆனால் உட்காரவில்லை. பாதையில் ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்டேன்.

"எப்படீங்க்கா வர்றது? சத்தம் குடுத்தா, பயந்துக்கிட்டு சுட்டுப்போடுவீங்களா, சத்தம் குடுக்காம போனா, திருடன்னு சுட்டுப்போடுவீங்களான்னு எங்களுக்குத் தெரியலீங்களே. ஊடு ஊடா உக்காந்து பேசிப் பாத்தமுங்க. ஒண்ணும் வெளங்கல. அதான் தார் ரோட்டுலயே போயிக்கறமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"எங்கூட்டுக்காரரு காலு ஒடஞ்சு கெடக்கறாருங்க்கா. ரோட்டு வளைவுல எருமைக் கூட்டம். இருட்டுல தெரியல. ஓடி விழுந்து... மாவுக்கட்டு போட்டிருக்குது."

என் சிரிப்பு அப்படியே நின்றது. "நான் உங்களை நினைச்சு வாங்கல செல்வி" என்றேன்.

"அப்பறம் யாரங்க்கா? இருட்டுன பொறகு யாராவது வந்தான்னு ஏட்டய்யாகிட்ட சொன்னீங்களாமா. இருட்டுன பொறகு உங்க ஊட்டுப் பக்கம் வர்றது நாங்க மட்டுந்தானுங்களே?"

எந்த ரிவால்வரும் எந்தப் பிஸ்டலும் என்னை இந்த அளவுக்குக் குழப்பியதில்லை. நான் பயந்தது யாருக்கு? முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு. அவன் இதுவரை வந்ததில்லை. தினமும் வருகிறவர்களுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. அவர்கள் பக்கம்தான் நான் துப்பாக்கியைத் திருப்பியிருக்கிறேன், இன்னும் வாங்காத துப்பாக்கியை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. செல்வி சமாதானம் சொல்லவில்லை. தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். ஏட்டு, "ஏனுங்கம்மா, பயம் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, வேற பயம் வந்திருச்சு என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது.

அருணுக்குச் சொன்னேன். குதித்தான். பிறகு அமைதியாகி, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சரிம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவே?"

"செல்வி ஊட்டைத்தான்."

"அவங்கதான் இப்ப அந்தப் பக்கமே வர்றதில்லையே?"

மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, கேள்வி சரியான கேள்வி. "அவங்க வர ஆரம்பிச்சாச்சுன்னா சொல்லு. நான் ரிசார்ட் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா, சாரிம்மா, கையெழுத்துப் போட்டுட்டு என்கூட வந்துடு" என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

முந்தாநாள் சாயங்காலம் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றையடிப் பாதையில் கிளம்பினேன். ஆட்கள் நடக்காததால் அதற்குள் புல் மண்டியிருந்தது. தனியாக அந்த நேரத்தில் நான் அங்கே நடந்ததே இல்லை. ஓடையைத் தாண்டுவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. செல்வி வீட்டு நாய் குரைத்தது. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிழல் எழுந்து நின்றதும் தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. இருட்டுன பிறகு யாரோ வருகிறார்கள். அந்த யாரோ, நான்!

சத்தம் கொடுக்க வேண்டும். என்னவென்று கொடுப்பது? எனக்குப் பழக்கமே இல்லை. என் பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிட்டதில்லை. 'எஸ்டேட் அம்மா வந்திருக்கேன்' என்று நானே சொல்லிக்கொள்வதா? "நா... நான்தானுங்க! வர்றேனுங்க!" என்று கத்தினேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

செல்வி வெளியே வந்து நாயை அதட்டினாள். "அக்காவா? என்னுங்க்கா இந்நேரத்துல, எருமை நடமாடற நேரம்..." என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் கணவர் ராமன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "துப்பாக்கி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. உங்க கால் இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாவுக்கட்டைத் தடவினார். செல்வி வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, சாமைச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது செல்வி டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வாங்க்கா, உங்க காட்டு வழியாவே கொண்டாந்து உடறேன். காத்தால மத்தவங்ககிட்டயும் சொல்றேன்" என்றாள். வாசலைத் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து ராமன் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, நொம்ப நேரம் கழிச்சுத்தான் சத்தம் குடுத்தீங்க. இனிமே ஓடைக்கு உங்க பக்கமிருந்தே குடுங்க. எங்கூட்டுல லைசென்சு இல்லாத அருவா ஒண்ணு இருக்குதுங்க!"

முதலில் சிரித்தது செல்விதான். நான் ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் சிரித்தேன்.